லினக்ஸில் விண்டோஸ் மென்பொருள்: வைனா, விர்ச்சுவல் மெஷினா, டூயல் பூட்டா?

விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. டிபிஎம் 2.0 என்ற வன்பொருள் பாதுகாப்பு வசதி இல்லாத கணினியில் விண்டோஸ் 11-ஐ முறைப்படி நிறுவவும் வழியில்லை. அதே கணினி லினக்ஸில் இன்னும் பல ஆண்டுகள் நன்றாக உழைக்கும். குறுக்கே நிற்பது பெரும்பாலும் கைவிட முடியாத ஒன்றிரண்டு மென்பொருள்கள்தான். அவை விண்டோஸில் எதை நம்பி ஓடுகின்றன என்று தெரிந்தால், வைன், விர்ச்சுவல் மெஷின், டூயல் பூட் என்ற மூன்றில் எந்த வழி என்பதும் தெரிந்துவிடும்.

வெறும் கோப்பு வடிவம்தான் சிக்கல் என்றால் மூன்றுமே தேவையில்லை. வேர்டு கோப்பு லிப்ரே ஆபிஸில் பக்கம் மாறித் தெரிவதற்கு முக்கியக் காரணம் எழுத்துரு. காலிப்ரிக்கு கார்லிட்டோ, கேம்ப்ரியாவுக்கு கலேடியா நிறுவுங்கள். எழுத்து அகலம் ஒன்றே என்பதால் வரிகள் பெரும்பாலும் இடம் மாறாது. எக்ஸெலில் தரவைத் திரட்டும் பவர் குவெரியும் கனமான மேக்ரோக்களும் இருந்தால் மட்டும் தொடர்ந்து படியுங்கள்.

மூன்றிலும் இலேசானது வைன். விண்டோஸே வேண்டாம், உரிமமும் வேண்டாம். நிரலின் அழைப்புகளை லினக்ஸுக்குப் புரியும்படி மாற்றித் தருகிறது. பழைய, சிறிய நிரல்களுக்கு அருமையான வழி. ஆனால் விண்டோஸின் மையப்பகுதியான கர்னலில் ஓடும் டிரைவரைக் கேட்கும் எதுவும் இங்கே ஓடாது. யூஎஸ்பி டாங்கிளில் (உரிமச் சாவியாகச் செருகும் சிறு கருவி) உரிமம் பார்க்கும் நிரல்கள் பலவும் இங்கேதான் விழுகின்றன. அடிக்கடி அப்டேட் ஆகும் அடோபி, மைக்ரோசாஃப்ட் 365 தொகுப்புகளுக்கு வைனை நம்பிப் பிழைப்பை ஒப்படைக்காதீர்கள்: நிறுவியே இடறும், இன்று ஓடினாலும் அடுத்த அப்டேட்டில் நிற்கலாம். ஒவ்வொரு நிரலுக்கும் தனி பிரிஃபிக்ஸ் (வைன் விண்டோஸ் டிரைவ் போலக் காட்டும் கோப்புறை) வையுங்கள்; பாட்டில்ஸ் செயலியில் இது எளிது. எல்லாவற்றையும் ஒன்றிலேயே போட்டால், ஒன்றுக்காகச் சேர்த்த டாட்நெட் என்ற துணை மென்பொருள் இன்னொன்றைக் கெடுக்கும்.

அலுவலக வேலைக்கு எங்கள் தேர்வு விர்ச்சுவல் மெஷின். லினக்ஸுக்குள் மென்பொருளாலான ஒரு கணினியில் உண்மையான விண்டோஸே ஓடுவதால் மேக்ரோ, பவர் குவெரி எல்லாம் அப்படியே இயங்கும். டாங்கிளையும் உள்ளே திருப்பிவிடலாம். விண்டோஸ் உரிமம் வேண்டும். கணினியில் 16 ஜிபி ரேம் இருந்து, அதில் 8 ஜிபியை உள்ளே கொடுத்தால் சுகமாக இருக்கும். மொத்தமே 8 என்றால் இரண்டு பக்கமும் திணறும். விண்டோஸ் 11-க்குக் குறைந்தது 64 ஜிபி டிஸ்க் ஒதுக்குங்கள்.

பயாஸில் விடி-எக்ஸ் அல்லது ஏஎம்டி-வி (விர்ச்சுவல் மெஷினுக்கான பிராசஸர் வசதி) அணைந்திருந்தால் ஆமை வேகம்தான், முதலில் அதை இயக்குங்கள். விர்ச்சுவல் மெஷினை நிர்வகிக்கும் விர்ட்-மேனேஜர் செயலியில் டிபிஎம்-ஐ மென்பொருளாகவே சேர்க்கலாம். டிஸ்க்கை, விர்ச்சுவல் மெஷினுக்கென்றே உள்ள வேகமான விர்ட்டியோ வகை என்று அமைத்தால், நிறுவும்போது விண்டோஸ் டிஸ்க்கே இல்லை என்று சொல்லும். விர்ட்டியோ டிரைவர் ஐஎஸ்ஓவை இரண்டாவது சிடியாக இணைத்து, 'லோட் டிரைவர்' வழியே ஏற்றினால் டிஸ்க் தெரியும். பெரிய அப்டேட்டுக்கு முன் ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்துவிடுங்கள். கெட்டுப்போனால் சில நிமிடங்களில் பழைய நிலைக்கு மீளும் இந்த வசதி மற்ற இரண்டு வழிகளிலும் இவ்வளவு எளிதாகக் கிடைப்பதில்லை.

இதன் பலவீனம் கிராஃபிக்ஸ். தனி ஜிபியூவை உள்ளே ஒப்படைக்காதவரை 3டி மாடலிங், வீடியோ எடிட்டிங் இழுத்து இழுத்து ஓடும். முழு வேகம் வேண்டுமென்றால் டூயல் பூட்தான், அதாவது விண்டோஸையும் லினக்ஸையும் நிறுவி, கணினி தொடங்கும்போது ஒன்றைத் தேர்வது. கர்னல் அளவிலான ஆன்டி-சீட் (ஏமாற்றுத் தடுப்பு மென்பொருள்) கேட்கும் விளையாட்டுகளுக்கும் அதுவே வழி. ஒரு கோப்புக்காக மறுதொடக்கம் செய்யப் போய், நாள் முழுக்க விண்டோஸிலேயே தங்கிவிடும் பழக்கம்தான் இதன் ஆபத்து. அலுவலகத் தொகுப்புக்காக மட்டும் இதைத் தேர்ந்தெடுக்காதீர்கள்.

முடிந்தால் லினக்ஸுக்குத் தனி எஸ்எஸ்டி போடுங்கள். பூட் அமைப்பைத் தொடுவதற்கு முன், விண்டோஸின் டிஸ்க் பூட்டான பிட்லாக்கரின் மீட்புச் சாவியைக் காகிதத்தில் எழுதி வையுங்கள். செக்யூர் பூட்டை மாற்றினாலே அது சாவியைக் கேட்கக்கூடும். விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை அணையுங்கள். அது டிரைவைப் பாதி உறக்கத்தில் விட்டுவிடுவதால், லினக்ஸில் அந்த டிரைவைப் படிக்க மட்டுமே முடியும், எழுத முடியாது. கடிகாரம் மாறி மாறிக் காட்டினால், விண்டோஸ் உள்ளூர் நேரத்தையும் லினக்ஸ் யூடிசி என்ற உலகப் பொது நேரத்தையும் மதர்போர்டில் எழுதுகின்றன என்று பொருள். லினக்ஸையும் உள்ளூர் நேரத்துக்கு மாற்றினால் சரியாகும்.