பப்பாளியா, கொய்யாவா: வீட்டுப் பெரியவர்களுக்கு எதை வாங்குவது?

சத்துக் கணக்கை மட்டும் வைத்துப் பார்த்தால் இது போட்டியே இல்லை. 100 கிராம் கொய்யாவில் வைட்டமின் சி சுமார் 228 மில்லிகிராம். பப்பாளியில் 60 அளவில்தான். நார்ச்சத்து கொய்யாவில் 5 கிராமைத் தாண்டுகிறது, பப்பாளியில் 2 கிராமைக்கூட எட்டவில்லை. ஆனாலும் எழுபதைக் கடந்தவர் இருக்கும் வீட்டுக்கு, சிங்கப்பூரின் தேக்கா சந்தையில் என் கை முதலில் பப்பாளிக்குத்தான் போகும்.

காரணம் பல். இங்கே பழக்கடைகளில் அதிகம் கிடைப்பது பெரிய, பச்சைத் தோல் கொய்யா. கடித்தால் நறுக்கென்று ஒடியும். இளையவர்களுக்கு அந்த மொறுமொறுப்புதான் ருசி. பல்செட் மாட்டியவருக்கோ அது பெரும்பாடு. போதாக்குறைக்கு விதை பல்செட்டுக்கு அடியில் போய்ச் சிக்கிக்கொள்ளும். இரண்டு துண்டு கடித்துவிட்டு ‘போதும்’ என்று தட்டைத் தள்ளிவைப்பவருக்கு 228 மில்லிகிராமால் என்ன பயன்? பழுத்த பப்பாளியைக் கரண்டியால் வழித்துச் சாப்பிடலாம். மலச்சிக்கலுக்கும் அது இதமானது. உணவங்காடி நிலையத்தில் நறுக்கிய கொய்யாவோடு தரும் புளிப்பு உப்புத் தூளையும் மறந்துவிடக் கூடாது. இரத்த அழுத்தக்காரர்களுக்கு அது ஆகாது.

பல் உறுதியாக இருந்து நீரிழிவும் இருந்தால் என் தீர்ப்பு மாறும். சர்க்கரை அளவு இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான் என்றாலும், கொய்யாவின் நார்ச்சத்து அதை மெல்லவே இரத்தத்தில் சேரவிடுகிறது. விதைப்பகுதியை நீக்கி, மெல்லிய சீவலாகக் கொடுங்கள். எந்தப் பழமானாலும் அளவு முக்கியம்: சுகாதார மேம்பாட்டு வாரியம் ஒரு நாளுக்குச் சொல்வது இரண்டு பரிமாறல். பப்பாளி என்றால் ஒரு கீற்று, அதாவது 130 கிராம், ஒரு பரிமாறல். பழம்தானே என்று அரைப் பழத்தைத் தட்டில் வைப்பது அந்தக் கணக்குக்குள் அடங்காது.

சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் விஷயத்தில்தான் உண்மையான எச்சரிக்கை வேண்டும். 100 கிராம் கொய்யாவில் பொட்டாசியம் 400 மில்லிகிராமுக்கு மேல், பப்பாளியில் சுமார் 180, ஆப்பிளில் 110க்குள். பொட்டாசியத்தைக் குறைக்கச் சொல்லியிருந்தால் இரண்டையும் விட்டு ஆப்பிளை எடுங்கள், கடினமாக இருந்தால் வேகவைத்துக் கொடுங்கள். நட்சத்திரப் பழம் அவர்களுக்கு அறவே கூடாது. அதிலுள்ள நச்சு நரம்பைத் தாக்கி, விக்கல், குழப்பம், வலிப்பு வரை கொண்டுபோகும். சீனப் புத்தாண்டு நேரத்தில் குவியும் பம்ளிமாஸும் யோசிக்க வேண்டியதே. கொழுப்பைக் குறைக்கும் சிம்வாஸ்டாட்டின் போன்ற சில மருந்துகள் உடலில் அளவுக்கு மீறித் தேங்க அது வழிசெய்யக்கூடும். மருந்தாளரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வாங்குங்கள்.

பழச்சாறு இந்தப் போட்டியில் சேராது. நார் போய்ச் சர்க்கரை மட்டும் மிஞ்சும்.

கடைசியாக, வீணாகாமல் வாங்குவது. நீளமான செக்காக்கிப் பப்பாளி இனிப்பானது, ஆனால் இரண்டு பேர் மட்டும் உள்ள வீட்டில் அது தீர்வதற்குள் குழைந்துவிடும். சிறிய ஹவாய் வகையை, பாதி மஞ்சளாக இருக்கும்போது வாங்கிச் சமையலறை மேடையில் வைத்துப் பழுக்கவிடுங்கள்.