மதுரையில் புதுக் கார்: முதல் வருடம் எதைக் கவனிக்க வேண்டும்

சாவியைக் கொடுக்கும்போதே ஷோரூமில் ஒரு கோட்டிங் பட்டியலையும் நீட்டுவார்கள்: டெஃப்லான், அண்டர்பாடி, ரஸ்ட் புரொடெக்‌ஷன். மதுரைக்குள் ஓடும் வண்டிக்கு இதில் பெரும்பாலானது வீண் செலவு. இங்கே கடல் காற்று கிடையாது. அடிப்பாகத்துக்குத் தேவையான பூச்சு கம்பெனியிலேயே அடித்துத்தான் வருகிறது. ராமேஸ்வரம் பக்கம் போய் வந்தால், வீடு சேர்ந்ததும் வண்டிக்கு அடியில் நல்ல தண்ணீரைப் பீய்ச்சி உப்பைக் கழுவிவிட்டால் போதும். இந்த ஊரில் புது வண்டியைக் கெடுப்பது வெயில், தூசி, போர் தண்ணீர், அப்புறம் குறுந்தூர ஓட்டம்.

முதலில் டயர் காற்று. யார்டில் நாள் கணக்கில் நிற்கும் வண்டிக்கு டயர் ஒரே இடத்தில் அமுங்காமல் இருக்கக் காற்றைக் கூடுதலாக அடித்து வைப்பதுண்டு. அதைக் குறைக்காமலே டெலிவரி கொடுத்துவிடுவதும் நடக்கிறது. ‘வண்டி தூக்கிப் போடுது, சஸ்பென்ஷன் சரியில்லை’ என்று புலம்பும் முன் இதைப் பாருங்கள். சரியான அளவு டிரைவர் கதவைத் திறந்தால் பெரும்பாலும் தூணில் ஸ்டிக்கராக ஒட்டியிருக்கும். காலையில் வண்டி எடுக்கும் முன் பார்ப்பதுதான் கணக்கு. சித்திரை வெயிலில் நாலு வழிச்சாலையில் வந்து கப்பலூரில் நிறுத்திக் கேஜ் வைத்தால் காற்றழுத்தம் நாலைந்து பி.எஸ்.ஐ. கூடக் காட்டும். அதை நம்பிக் காற்றை இறக்கினால் மறுநாள் காலையில் டயர் தொய்ந்திருக்கும்.

பாண்டி கோயிலில் பூஜை போடாமல் புது வண்டியை எடுக்க இங்கே பலருக்கும் மனம் வராது. தாராளமாகப் போடுங்கள். ஆனால் கற்பூரத்தை பானெட் மேல் ஏற்ற விடாதீர்கள், தட்டிலோ தேங்காயிலோ ஏற்றச் சொல்லுங்கள். சூடு பட்டால் பெயின்ட் மேல் இருக்கும் பளபளப்புப் பூச்சு (கிளியர் கோட்) கொப்பளித்துவிடும், பாலிஷ் போட்டாலும் போகாது. மாலையைக் கம்பியால் கட்டாமல் நூலால் கட்டினால் கிரில்லில் கீறல் விழாது. மஞ்சள், சந்தனப் பொட்டை அன்று மாலையே ஈரத்துணி வைத்து ஊறவிட்டு எடுத்துவிட வேண்டும். வெயிலில் நாலு நாள் காய்ந்தால் வெள்ளை வண்டியில் கறை நின்றுவிடும்.

முதல் 1000 கி.மீ. எஞ்சின் பழகும் காலம். பிஸ்டன் ரிங் சிலிண்டர் சுவரோடு ஒட்டிப் படிவதற்கு வேகம் ஏறி இறங்க வேண்டும். ஆக்ஸிலேட்டரை முழுக்க மிதிக்கக் கூடாது, திருச்சி வரை ஒரே வேகத்தில் பிடிக்கவும் கூடாது. 30 கி.மீ. வேகத்தில் நாலாவது கியர் போட்டு எஞ்சினைத் திணறவிடுவதும் கெடுதல்தான். பிரேக் பேடும் டிஸ்க்கும் படியும்வரை, அதாவது முதல் 300 கி.மீ. வாக்கில், அவசரம் இல்லாமல் சடாரென்று மிதிக்காதீர்கள். கோரிப்பாளையம் நெரிசலில் கிளட்சைப் பாதி மிதித்தபடி (ஹாஃப் கிளட்ச்) வண்டியைப் பிடித்து நிறுத்தும் பழக்கமும் வேண்டாம். நியூட்ரல் போட்டு பிரேக்கில் நில்லுங்கள், கிளட்ச் தட்டு நீண்ட நாள் வரும்.

டீசல் வண்டிக்காரர்கள் அதிகம் ஏமாறுவது டி.பி.எஃப்.பில். பி.எஸ். 6 புகை விதிப்படி வரும் டீசல் வண்டியில் புகைக்கரியைப் பிடித்து வைக்கும் ஃபில்டர் இது. சேர்ந்த கரியை எரிக்க அதற்குச் சுமார் 600 டிகிரி சூடு வேண்டும். அண்ணா நகரிலிருந்து சிம்மக்கல், திரும்ப வீடு என்று மட்டும் ஓடினால் அந்தச் சூடு வரவே வராது. எரிப்பு பாதியில் நின்றுபோகும்போதெல்லாம் அதற்காகத் தெளித்த டீசல் கொஞ்சம் எஞ்சின் ஆயிலில் கலக்கும். டிப்ஸ்டிக்கில் ஆயில் மட்டம் குறையாமல் ஏறிக்கொண்டே போனால் காரணம் இதுதான், நீர்த்த ஆயிலில் பேரிங் தேயும். வாரம் ஒருமுறையாவது ரிங் ரோட்டில் 15, 20 நிமிடம், எஞ்சின் சுற்று 2000 ஆர்.பி.எம்.முக்குக் குறையாமல் விட்டு ஓட்டுங்கள். டி.பி.எஃப். விளக்கு எரிந்தால் வண்டியை அணைக்காமல் உடனே அதைச் செய்யுங்கள். கண்டுகொள்ளாமல் ஓட்டினால் எஞ்சின் சக்தியைக் குறைத்துக்கொள்ளும், அதன் பிறகு ஒர்க்‌ஷாப் தவிர வழியில்லை. டவுனுக்குள் மட்டும் ஓட்டப்போகிறவர் பெட்ரோல் வாங்குவதுதான் சரி.

போர் தண்ணீரில் கழுவினால் நிழலில், பகுதி பகுதியாகக் கழுவி உடனுக்குடன் மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி எடுங்கள். வெயிலில் தானாகக் காயவிட்டால் கண்ணாடியிலும் பெயின்ட்டிலும் உப்பு வட்டம் வட்டமாகப் படியும். அதைச் சுரண்டப் போய்த்தான் கீறல் விழுகிறது. வைப்பர் டாங்கில் ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றினால் நாசில் அடைக்காது. ரேடியேட்டருக்கு எந்தக் குழாய்த் தண்ணீரும் ஆகாது, கம்பெனி சொன்ன கூலன்ட்தான். புளியமரத்தடியில் நிறுத்துகிறவர்கள் வைப்பருக்குக் கீழே உள்ள பள்ளத்தில் சேரும் இலையை வாரம் ஒருமுறை அள்ள வேண்டும். வடிகால் அடைத்தால் மழைத் தண்ணீர் வண்டிக்குள் இறங்கும். நிறுத்தும்போது ஏ.சி.யை ரீசர்குலேஷனில் (உள்காற்றே சுற்றும் நிலை) வைத்து அணைத்தால், பல வண்டிகளில் வெளிக்காற்று வழி மூடிக்கொள்ளும், எலி அந்த வழியாக உள்ளே வருவது குறையும்.

முதல் சர்வீஸில் சும்மா வாட்டர் வாஷோடு அனுப்பிவிடுவார்கள். கதவுச் சத்தம், ஸ்டியரிங் ஒரு பக்கம் இழுப்பது போன்றவற்றை ஜாப் கார்டில் (ஒர்க்‌ஷாப் வேலைச் சீட்டு) எழுதவைத்து நகல் வாங்குங்கள். ஏ.சி. காற்றை வடிகட்டும் கேபின் ஃபில்டரைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். மேலூர் பக்கத் தூசியில் ஓடிய வண்டி என்றால் அது அப்போதே கறுத்திருக்கும்.