ஏப்பத்துக்கு எது கேட்கும்: சோடாவா, மாத்திரையா, ஓமமா, மூச்சா?

எங்கள் வீட்டில் ஏப்பத்துக்கு மூன்று கட்சிகள். அத்தை சோடாக் கட்சி, சித்தப்பா மாத்திரைக் கட்சி, அம்மா ஓமம் சீரகக் கட்சி. தன் மருந்துதான் கேட்கிறது என்று மூவரும் சத்தியம் செய்வார்கள். மூவருக்கும் ஏப்பம் நின்றபாடில்லை. போன வருடம் எனக்கும் இந்தத் தொல்லை வந்து, மீட்டிங்கில் மைக்கை அணைத்து அணைத்து அலுத்துப்போன பிறகு, எல்லாக் கட்சியிலும் கொஞ்ச நாள் உறுப்பினராக இருந்து பார்த்தேன்.

மருந்துகளை ஒப்பிடும் முன் ஏப்பங்களை ஒப்பிட வேண்டியிருக்கிறது. பசியேப்பம், புளியேப்பம் என்று நம் ஆட்கள் எப்போதோ பிரித்துவிட்டார்கள். டாக்டர்கள் பிரிப்பது கொஞ்சம் வேறு மாதிரி.

முதலாவது, வயிற்றிலிருந்து வருவது. ஒவ்வொரு தடவை விழுங்கும்போதும் கூடவே கொஞ்சம் காற்று போகிறது. அது இரைப்பையின் மேல்பக்கம் சேர்ந்து சுவர் விரிந்ததும், உணவுக்குழாயின் அடியில் இருக்கும் சுருக்குத்தசை சற்று தளர்ந்து காற்றை மேலே அனுப்புகிறது. நாளுக்கு 30 தடவை வரை இப்படி வருவது இயல்புதான். அவசர அவசரமாகச் சாப்பிடுவது, ஸ்ட்ரா, சூயிங்கம், சிகரெட், சரியாகப் பொருந்தாத பல்செட், இவையெல்லாம் காற்றைக் கூடுதலாக உள்ளே தள்ளும்.

இரண்டாவது, புளிப்போடு தொண்டை வரை எதுக்களித்து வருவது. இங்கே சிக்கல் காற்று இல்லை, அமிலம்.

மூன்றாவதுதான் வேடிக்கையானது. வயிற்றுக்குச் சம்பந்தமே இல்லாத ஏப்பம். காற்று உணவுக்குழாய்க்குள் உறிஞ்சப்பட்டு, இரைப்பையை எட்டுவதற்குள், ஒரு நொடிகூட ஆகாமல், திரும்பி வெளியே வந்துவிடும். 2004-ல் நெதர்லாந்து மருத்துவர்கள் மூக்கு வழியாக மெல்லிய குழாயை இறக்கி, உணவுக்குழாயின் மின்தடையை அளந்து, காற்று மேலிருந்து இறங்குவதையும் அதே வேகத்தில் ஏறுவதையும் பதிவு செய்தார்கள். இந்த வகைக்காரர்களுக்கு நிமிடத்துக்குப் பல ஏப்பம் வரும். தூங்கும்போது வராது. பேச்சில் மும்முரமாக இருந்தாலும் குறைந்துவிடும். வேண்டுமென்று செய்வதில்லை, பழகிப்போய்விடுகிறது.

இதைப் படித்ததும் எனக்கு அத்தை ஞாபகம்தான் வந்தது. முழங்கைக்குக் கீழே சதையைக் கட்டைவிரலால் அழுத்துவார், ஒரு ஏப்பம். தோள்பட்டையை அழுத்துவார், இன்னொன்று. "பார்த்தியாடா, வாயு அங்க பிடிச்சிருக்கு" என்பார். கையிலிருந்து வாய்க்குக் குழாய் எதுவும் கிடையாது. அழுத்தும்போது அவரை அறியாமலே காற்றை உள்ளே இழுக்கிறார், அவ்வளவுதான். ஆனால் ஏப்பம் வந்ததும் கிடைக்கும் அந்த நிம்மதி பொய்யில்லை. அந்த நிம்மதிதான் அடுத்த ஏப்பத்துக்கு அழைக்கிறது.

சரி, கட்சிகளுக்கு வருவோம்.

சோடாவும் ஈனோவும் ஒரே குடும்பம். கோலி சோடாவில் கரியமில வாயுவை அழுத்தி அடைத்திருக்கிறார்கள். ஈனோவில் சோடா உப்பும் சிட்ரிக் அமிலமும் தண்ணீரில் சேர்ந்து அதே வாயுவைக் கிளப்புகின்றன. குடித்த இரண்டாவது நிமிடம் 'ஏவ்' என்று பெரிதாக வரும், "ஆ, கேஸ் போச்சு" என்போம். போனது பழைய கேஸ் இல்லை, இப்போது ஊற்றியது. நாமே கடன் கொடுத்து, அதையே வசூல் பண்ணி, லாபம் என்று கணக்கு எழுதுகிற மாதிரி. ஈனோவுக்கு மட்டும் ஒரு நியாயம் உண்டு: அமிலத்தை உடனே தணிக்கும், அதனால் நெஞ்செரிச்சலுக்குக் கொஞ்ச நேரம் உதவும். ஆனால் அதில் சோடியம் அதிகம். பிரஷரோ சிறுநீரகக் கோளாறோ இருப்பவர்கள் தினம் ஒரு பாக்கெட் கரைப்பது நல்லதில்லை. ஏப்பத்துக்கு மருந்தாக இந்த இரண்டுக்கும் என்னிடம் மதிப்பெண் கிடையாது.

ஜெலுசில், டைஜீன் ரகம் இதைவிடத் தேவலை. அலுமினியம், மக்னீசியம் ஹைட்ராக்சைடுகள் அமிலத்தைத் தணிக்கின்றன. கூடவே சிமெத்திகோன் என்று ஒன்று. பருப்பு பொங்கி நுரை தள்ளும்போது ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் நுரை அடங்குமே, ஏறக்குறைய அந்த வேலைதான். குட்டிக் குமிழ்களை உடைத்துச் சேர்க்கும், காற்றை மாயமாக்காது. புளியேப்பத்துக்கு இரண்டு ஸ்பூன் குடித்தால் கொஞ்ச நேரம் ஓடும். அத்தை வகை ஏப்பத்துக்கு ஒன்றும் செய்யாது, நுரையே இல்லாத இடத்தில் எதை அடக்கும்? தைராய்டு மாத்திரை, இரும்புச்சத்து மாத்திரை போடுபவர்கள் இதைக் கூடவே குடித்தால் அவை உடம்பில் சரியாகச் சேராது. தைராய்டு மாத்திரைக்கு நான்கு மணி நேரமாவது இடைவெளி வேண்டும்.

அப்புறம் சித்தப்பாவின் 'கேஸ் மாத்திரை'. முன்பு ரானிடிடின் போட்டுக்கொண்டிருந்தார். புற்றுநோய் சந்தேகம் கிளம்பி, 2022-ல் இந்தியாவின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலிருந்து அது நீக்கப்பட்டதும் பேன்டோபிரசோலுக்கு மாறினார். பெயரில்தான் கேஸ். உண்மையில் அது தொடுவது அமிலம் சுரக்கும் பம்புகளை மட்டும்தான், காற்றைத் தொடுவதே இல்லை. எதுக்களிப்போடு ஏப்பம் என்றால் இதைவிட நல்ல மருந்து கடையில் இல்லை என்பேன், அதுவும் காலையில் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பு போட்டால். சித்தப்பா பிரியாணிக்குப் பிறகு போடுவார், பாதிப் பலன் அங்கேயே போய்விடும். டாக்டர் சொன்ன நான்கைந்து வாரம் வேறு, கடையில் தானாக வாங்கி வருடக்கணக்கில் விழுங்குவது வேறு. பி12-ம் மக்னீசியமும் குறைய வாய்ப்புண்டு. திடீரென்று நிறுத்தினால் அமிலம் கொஞ்ச நாள் முன்பைவிடக் கூடுதலாகச் சுரக்கும். "பார், மாத்திரை இல்லாம முடியல" என்று அவர் சொல்வது இதனால்தான்.

அம்மாவின் டப்பாவைக் கேலி செய்ய எனக்கு மனம் வராது. இஞ்சி இரைப்பையைச் சற்று சீக்கிரம் காலியாக்கும், அதற்குச் சான்று உண்டு. கல்யாண விருந்து மந்தத்துக்குச் சுக்குக் கஷாயமோ, முதல் கவளம் சோற்றில் நெய் விட்டுப் பிசைந்த அஷ்ட சூரணமோ இதமாகத்தான் இருக்கிறது. புதினாவிடம் மட்டும் ஜாக்கிரதை: சுருக்குத்தசையைத் தளர்த்தும் குணம் அதற்கு உண்டு, எதுக்களிப்புக்காரர்களுக்கு எரிச்சல் கூடலாம். இன்னொன்றும் கவனித்தேன். கொதிக்கக் கொதிக்கச் சீரகத் தண்ணீரை 'ஸ்ஸ்ஸ்' என்று உறிஞ்சிக் குடித்தால் மருந்தோடு காற்றும் உள்ளே போகிறது. ஆறவிட்டுக் குடித்தபோது வித்தியாசம் தெரிந்தது.

எனக்குக் கடைசியில் கேட்டது காசு செலவில்லாதது. நாக்கு நுனியை மேல் முன்பற்களுக்குப் பின்னால் வைத்து, வாயைச் சற்றுத் திறந்து, ஒரு கையை வயிற்றில் வைத்துக்கொள்ள வேண்டும். நெஞ்சு உயராமல் வயிறு மட்டும் எழும்பும்படி நிதானமாக மூச்சை இழுத்து, இன்னும் நிதானமாக விட வேண்டும். ஏப்பம் வரப்போகிறது என்ற அந்த முட்டல் தெரிந்ததும் இதைத் தொடங்க வேண்டும், வந்த பிறகு இல்லை. முதல் நாலைந்து நாள் எரிச்சலாக இருந்தது, அடக்கி வைத்த தும்மல் மாதிரி. இரண்டாவது வாரத்தில் மைக்கை அணைக்க மறந்தே போனேன். வெளிநாடுகளில் பேச்சுப் பயிற்சி நிபுணர்கள் இதைக் கற்றுத்தருகிறார்கள். இங்கே இரைப்பை மருத்துவரிடம் போனால் பெரும்பாலும் மாத்திரைச் சீட்டுதான் கிடைக்கும், நாமாகக் கேட்டால் சொல்லித்தருபவர்களும் இருக்கிறார்கள். ஆனால் உங்கள் ஏப்பம் புளிப்போடு வருகிறது என்றால் மூச்சை மட்டும் நம்பி உட்காராதீர்கள்.

மேல்வயிற்று வலி சேர்ந்திருந்தால் ஹெலிகோபேக்டர் கிருமிக்குச் சோதனை செய்யலாம், மூச்சுப் பரிசோதனையோ மலப் பரிசோதனையோ போதும். எடை தானாகக் குறைவது, விழுங்கச் சிரமம், கறுப்பு மலம், ரத்த வாந்தி, இவற்றில் ஒன்று இருந்தாலும் இந்தக் கட்டுரையை மூடிவிட்டு டாக்டரிடம் போங்கள்.

நெஞ்சில் பாரம், வியர்வை, இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, கூடவே ஏப்பம். இதை 'கேஸ்' என்று சொல்லிச் சோடா வாங்க ஆள் அனுப்பி நேரத்தைத் தொலைத்த வீடுகள் நம் ஊரில் நிறைய. மாரடைப்பிலும் ஏப்பம் வரும். அங்கே ஒப்பீடு எதுவும் வேண்டாம், 108-ஐக் கூப்பிட்டு ஈசிஜி எடுக்க வேண்டியதுதான்.

அத்தையிடமும் இந்த வாய் திறக்கும் வித்தையைக் காட்டினேன். நாக்கைப் பல்லுக்குப் பின்னால் வைத்து, வாயைத் திறந்தபடியே கையை அழுத்தச் சொன்னேன். அழுத்தினார். ஒன்றும் வரவில்லை. தோள்பட்டை, கழுத்து, மறுபடி முழங்கை. ஒன்றும் வரவில்லை. என்னைச் சந்தேகமாகப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "நீ வந்து நின்னதும் வாயு காலுக்கு இறங்கிடுச்சுடா."