தொந்தரவே இல்லாதவருக்கு தாலியம் ஸ்கேன்: அப்பாவுக்கு ஒரு கணக்கு, பெரியப்பாவுக்கு வேறு கணக்கு

காட்பாடியில் இருக்கும் அப்பாவுக்குப் போன வருஷம் ஸ்டென்ட் வைத்தோம். குடியாத்தம் பெரியப்பாவுக்கு பைபாஸ் ஆகி ஒன்பது வருஷம், சர்க்கரையும் உண்டு. இருவருக்கும் இப்போது நெஞ்சுவலியோ மூச்சிரைப்போ இல்லை. "எதற்கும் வருஷம் ஒரு தடவை தாலியம் ஸ்கேன் எடுத்துவிடுங்கள்" என்று சொந்தக்காரர் ஒருவர் சொன்னதிலிருந்து வீட்டில் இதே பேச்சு. இருவருக்கும் ஒரே பதில் பொருந்தாது என்பது என் கருத்து.

தாலியம் என்று பெயர் நிலைத்துவிட்டாலும் இன்று பெரும்பாலும் ஊசியில் ஏற்றுவது டெக்னீசியம் என்ற கதிரியக்கப் பொருள். நடக்க வைத்தோ மருந்து கொடுத்தோ இதயத்தை உழைக்க வைத்து ஒரு படம், ஓய்வில் ஒரு படம். உழைக்கும்போது மட்டும் ஓரிடம் மங்கினால் அங்கே ரத்தம் போதவில்லை. இரண்டிலும் மங்கினால் பெரும்பாலும் பழைய அட்டாக்கின் தழும்பு. ஆஞ்சியோ குழாயைக் காட்டும். இது தசைக்கு ரத்தம் போய்ச் சேர்கிறதா என்று காட்டும்.

இதற்குப் பதிலாக, நடக்க வைத்து ஈசிஜி எடுக்கும் டிரெட்மில் டெஸ்ட் போதாதா? செலவு குறைவு, கதிர்வீச்சு இல்லை. ஆனால் அடைப்பு எந்தப் பக்கம் என்று அது சொல்லாது; ஈசிஜி ஏற்கெனவே மாறியிருந்தால் முடிவும் குழப்பும். பெரியப்பாவின் முழங்காலுக்கு அது ஆகவும் ஆகாது. இதயத்தை உழைக்க வைத்து அல்ட்ராசவுண்டில் பார்க்கும் ஸ்ட்ரெஸ் எக்கோவிலும் கதிர்வீச்சு இல்லை, ஆனால் பார்ப்பவரின் அனுபவத்தைப் பொறுத்தது. ஸ்கேனில் சுமார் 10 மில்லிசீவர்ட் கதிர்வீச்சு உடலில் சேரும். இயற்கையாகவே நமக்கு வருஷத்துக்குச் சேருவது உலக சராசரியில் 2.4 தான்.

அப்பா விஷயத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை: வேண்டாம். தென்கொரியாவில் ஸ்டென்ட் வைத்த, ஆபத்து அதிகமுள்ள 1,706 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு ஒரு வருஷம் கழித்து, இதயத்தை உழைக்க வைத்துப் பார்க்கும் பரிசோதனை கட்டாயம். மற்றவர்களுக்கு வழக்கமான கவனிப்பு மட்டும். இரண்டு வருஷ முடிவு 2022-ல் வெளியானது. இறப்பு, மாரடைப்பு, நெஞ்சுவலிக்காக ஆஸ்பத்திரியில் சேர்ப்பது எல்லாம் சேர்த்து பரிசோதனைப் பிரிவில் 5.5 சதவீதம், மற்றதில் 6 சதவீதம். சொல்லும்படி வித்தியாசமில்லை. ஆனால் பரிசோதனை செய்த பிரிவில் ஆஞ்சியோவும் மறுபடி அடைப்பு நீக்குவதும் கூடுதலாக நடந்தன. அமெரிக்க இதயச் சங்கங்களின் 2023 வழிகாட்டுதலும், நிலைமை மாறாதவர்களுக்கு வழக்கமாக இப்படிச் சோதிப்பதைப் பரிந்துரைக்கவில்லை. அப்பா போன மாதம் வள்ளிமலைப் படிகளை மெதுவாக, வலியில்லாமல் ஏறி வந்தார். அடுத்த தடவை அதே படியில் இரைத்தால், அன்றே டாக்டரிடம் போகிறோம். அப்போது ஸ்கேனுக்கு அர்த்தம் உண்டு.

பெரியப்பா கதை வேறு. பைபாஸில் காலிலிருந்து எடுத்துப் போடும் சிரைக் குழாய்களில் ஏறக்குறைய பாதி, பத்து வருஷத்துக்குள் அடைத்தோ பழுதாகியோ போகின்றன. மார்பின் உட்புறத் தமனியை வைத்துப் போட்டதில் பத்துக்கு ஒன்பது அப்போதும் திறந்தே இருக்கும். சர்க்கரை நரம்பைக் கெடுத்தால் வலி வந்து எச்சரிப்பதையும் நம்ப முடியாது. அதனால் ஐந்து வருஷம் தாண்டிய இவருக்கு, டாக்டரிடம் பேசி ஒரு தடவை எடுப்பது நியாயம்தான். வருஷா வருஷம் அல்ல.

படத்தில் மங்கல் தெரிந்தால் உடனே அடுத்த ஸ்டென்டா? அவசரப்படக்கூடாது. நிலையான நோயாளிகள் 5,179 பேரை வைத்து நடந்து 2020-ல் வெளியான 'இஸ்கீமியா' என்ற ஆய்வில், முதலிலேயே ஆஞ்சியோவுக்கும் முடிந்தால் ஸ்டென்ட், பைபாஸுக்கும் அனுப்பியதால் இறப்போ மாரடைப்போ மொத்தத்தில் குறையவில்லை. மங்கல் எவ்வளவு பெரிது, பம்பிங் எப்படி இருக்கிறது என்பதைப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

ஆக, அப்பாவின் ஸ்கேன் காசு கொழுப்புப் பரிசோதனைக்கும் மாத்திரைக்கும் போகிறது. கெட்ட கொழுப்பு 55-க்குக் கீழே வரவேண்டும் என்கிறது ஐரோப்பிய வழிகாட்டுதல். அப்பாவுக்கு இன்னும் வரவில்லை.

பெரியப்பாவுக்குத் தேதி வாங்கியாயிற்று. முழங்கால் காரணமாக மருந்து கொடுத்துத்தான் எடுப்பார்கள். அதனால் முதல் நாளே காபி, டீ நிறுத்த வேண்டும். வீசிங் இருந்தால் முன்கூட்டியே சொல்லவேண்டும். வீசிங் அவருக்கு இல்லை. விடிகாலை காபியை நிறுத்தும் பொறுப்பைப் பெரியம்மா ஏற்றுக்கொண்டிருக்கிறார்.