சட்டை கட்டிங் வகுப்பு: தோள் சரி, கைதான் சொதப்பல்

எங்கள் தெரு டெய்லர் மாஸ்டரிடம் நான்கு ஞாயிறு சட்டை கட்டிங் கற்றேன். மார்பு 40 அங்குலம், லூசுக்கு 4, மொத்தம் 44. துணியில் குறிப்பது அதில் கால் பாகம், 11. தையலுக்கு விடுவது தனி. என் வலது தோள் கொஞ்சம் இறக்கம். பார்த்ததுமே கண்டுபிடித்து, அந்தப் பக்கம் மட்டும் சரிவைக் கால் அங்குலம் கூட்டினார். கழுத்திலிருந்து அக்குளுக்கு ஓடும் அந்தச் சாய்வுச் சுருக்கம், கல்யாணச் சட்டையிலும் இருந்தது, போயே போச்சு!

சட்டையின் கையை வெட்டும்போதுதான் அவசரப்படுத்திவிட்டார். கையின் மேல் வளைவையும் உடம்புப் பக்க அக்குள் வளைவையும் டேப்பை நிமிர்த்திப் பிடித்து அளந்து ஒப்பிடச் சொல்லவில்லை. கை வளைவு ஒன்றரை அங்குலம் கூடிப்போய், தோளில் பஃப் வைத்த பாவாடைச் சட்டை மாதிரி ஆனது. மனைவி இன்னும் சிரிக்கிறாள்.

போகிறவர்கள் முதல் சட்டையைப் பழைய வேட்டியில் வெட்டுங்கள். பிரவுன் பேப்பர், சாக்பீஸ் அவரே தருகிறார். மின்விசிறிதான் கிடையாது.