மெட்டாலிக் நூல் ஊசியிலா, பாபினிலா? குவில்ட் தையலில் டென்ஷனுக்கு இரு வழிகள்

இரு துணிகளுக்கு நடுவே பஞ்சடுக்கு வைத்துத் தைக்கும் குவில்ட்டின் மேல் மெட்டாலிக் நூலால் தைக்க முனைபவர்கள், நூல் அறத் தொடங்கியதும் முதலில் கை வைப்பது நூலின் இறுக்கத்தைக் கூட்டிக் குறைக்கும் டென்ஷன் திருகில்தான். பருத்தி நூலுக்கு மணிக்கணக்கில் பிசகாமல் ஓடிய இயந்திரம் இந்த நூலை மட்டும் ஏன் அறுக்கிறது என்பது நூலின் அமைப்பைப் பார்த்தால் விளங்கும். பெரும்பாலான மெட்டாலிக் நூல்களில் நைலான் அல்லது பாலியெஸ்டர் உள்ளிழையைச் சுற்றி உலோகப் பூச்சுள்ள மெல்லிய நாடா சுற்றப்பட்டிருக்கும். தையலில் சேர்வதற்கு முன் அதே நூல்துண்டு ஊசிக் காதின் வழியே பலமுறை மேலும் கீழும் போய்வருவதால், நாடா காதின் விளிம்பில் உரசிப் பிரிந்து ஊசிக்கு மேலே சுருளாக ஒதுங்கிவிடுகிறது. வெளுத்த உள்ளிழை மட்டும் சில தையல்கள் தாக்குப்பிடித்துவிட்டு, பிறகு அதுவும் அறுகிறது. இதைத் தவிர்க்க இரண்டு வழிகள் உண்டு: நூலை ஊசியிலேயே வைத்து மேல் டென்ஷனைத் தளர்த்துவது ஒன்று, துணிக்கு அடியிலிருந்து வரும் நூலுக்கான சிறு உருளையான பாபினில் நூலைச் சுற்றி, குவில்ட்டைக் கவிழ்த்துப் போட்டுத் தைப்பது மற்றொன்று.

முதல் வழியில் மேல் டென்ஷனைக் குறைக்க வேண்டும் என்பது உண்மைதான் என்றாலும், என் கணிப்பில் அது மூன்றாவதாகச் செய்ய வேண்டிய வேலை. முதலில் ஊசியை மாற்ற வேண்டும். 90/14 அளவில், நீண்ட காதுள்ள டாப்ஸ்டிச் ஊசியோ மெட்டாலிக் நூலுக்கென்றே விற்கும் ஊசியோ இல்லாமல், திருகை எவ்வளவு தளர்த்தினாலும் பயன் சொற்பம். அடுத்தது நூல்கண்டு நிற்கும் விதம். தட்டையான நாடா வகை நூலை நிமிர்ந்த கம்பியில் மாட்டி, கண்டு சுழலச் சுழலப் பக்கவாட்டில் பிரியவிட வேண்டும். படுக்கவைத்து முனையிலிருந்து இழுத்தால் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முறுக்கு ஏறி, அந்த முறுக்கு ஊசிக் காதில் வந்து சிக்கும். இவ்விரண்டையும் முடித்த பிறகு திருகுக்கு வரலாம். 0 முதல் 9 வரை எண்ணுள்ள இயந்திரத்தில் வழக்கமாக 4-ஐ ஒட்டி இருப்பதை 2-க்கு இறக்கி, நான்கு அங்குலம் தைத்துப் பார்த்து, தேவைப்பட்டால் 1-க்கும் இறக்கலாம். கீழே மெல்லிய பாலியெஸ்டர் நூல் போதும். பாபின் உட்காரும் சிறு கூடான பாபின் கேஸைத் தொட வேண்டியதில்லை. தையல் நீளம் 3 மில்லிமீட்டருக்குக் குறையாமலும் வேகம் பாதியாகவும் இருப்பது நல்லது.

இதற்கு ஒரு விலை உண்டு. மேல் டென்ஷன் தளர்ந்தால் மெட்டாலிக் நூல் சிறிது அடிப்பக்கம் இறங்கி, அங்கே புள்ளி புள்ளியாக மினுங்கும். பூப்போட்ட அடித்துணியில் அது கண்ணில் படாது. வெற்றுத் துணியில் நிச்சயம் படும்.

இரண்டாவது வழியில் மெட்டாலிக் நூல் ஊசிக் காதுக்கே போவதில்லை. மேல் டென்ஷன் தட்டுகளுக்கு இடையிலும் நுழைவதில்லை. ஆகவே உரசல் என்ற சிக்கல் ஏறக்குறைய அடியோடு மறைகிறது. ஊசியில் ஏற்க முடியாத தடித்த நூலைக்கூட இப்படித் தைக்கலாம். ஆனால் இங்கே சரிசெய்ய வேண்டியது பாபின் கேஸின் சின்னத் திருகு. இடப்பக்கம் திருப்பினால் தளரும், வலப்பக்கம் திருப்பினால் இறுகும்; ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கு மேல் போகக் கூடாது. நூல்முனையைப் பிடித்துக் கேஸைத் தொங்கவிட்டு லேசாக உதறும்போது, அது ஓரிரு அங்குலம் இறங்கி நின்றால் தொடக்கத்துக்கு அது போதும். ஒருமுறை அவசரத்தில் அதிகமாகத் திருப்பி, திருகு கழன்று தரையில் விழுந்து, அரை மணிநேரம் காந்தத்தோடு தேடியிருக்கிறேன். அன்றிலிருந்து கேஸை ஒரு கிண்ணத்துக்கு மேல் பிடித்துத்தான் திருப்புகிறேன். இந்த வேலைக்கென்றே இரண்டாவது கேஸ் ஒன்றும் வாங்கி, நகப்பூச்சுப் பொட்டு வைத்துப் பிரித்து வைத்திருக்கிறேன். சாதாரணத் தையலுக்கான கேஸின் அளவு கலையாமல் இருப்பது அந்தச் செலவுக்குத் தகும்.

கவிழ்த்துத் தைப்பதன் பெரிய குறை, மினுங்கும் பக்கம் நமக்குத் தெரியாது என்பது. அடித்துணியில் வரையும் வடிவம் முன்பக்கம் இடவலம் மாறித் தெரியும். ‘அ’ என்று எழுதித் தைத்தால் கண்ணாடியில் பார்த்த ‘அ’தான் கிடைக்கும். இதற்கு எளிய மாற்று ஒன்று இருக்கிறது. முதலில் முன்பக்கமிருந்து வடிவத்தின் ஓரத்தைச் சாதாரண நூலால் தைத்துவிட்டால், அடிப்பக்கம் விழும் தையல்கோடே வழிகாட்டும். தடித்த நூல் பாபினில் கொஞ்சமே அடங்கும் என்பதால் அடிக்கடி நிறுத்திச் சுற்ற வேண்டிவரும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

நேர்கோடுகளுக்கும் கட்டங்களுக்கும் நான் முதல் வழியையே தேர்வேன். துணி ஒரே சீராக நகர்வதால் 2-ல் வைத்த டென்ஷன் கடைசிவரை மாறாமல் நிற்கிறது. ஊசிக்குக் கீழே துணியைத் தள்ளும் பற்களை இறக்கிவிட்டுக் கையால் துணியை நகர்த்தித் தைக்கும் வளைவுகளுக்கு இரண்டாவது வழியே மேல். கை சற்று வேகமாக இழுத்தாலும் ஊசி வளைந்து மேல்நூல் திடீரென்று விறைக்கும். அந்த ஒரு நொடியில் மெட்டாலிக் நூல் அறுவதை எந்த எண்ணில் வைத்தும் என்னால் முழுதாகத் தடுக்க முடிந்ததில்லை.

பழைய பட்டுப்புடவையிலிருந்து பிரித்த அசல் ஜரிகையை மட்டும் இந்த இரண்டு வழியிலும் தைக்க வேண்டாம். பட்டிழையின்மேல் தட்டையாக்கிய வெள்ளிக் கம்பியைச் சுற்றி, பொன்முலாம் பூசியது அது. அதைத் துணியின் மேலே கிடத்தி, கண்ணுக்குத் தெரியாத நைலான் நூலால் அகலம் குறைந்த ஜிக்ஜாக் போட்டுப் பிடிப்பதே பொருத்தம்; டென்ஷன் முழுவதும் அந்த நைலான் நூலோடு நின்றுவிடும், ஜரிகை இழுபடாமல் கிடக்கும்.