பலகைக்கு நாலு, எங்கள் சந்துக்கு ஒன்று

பாலக்காட்டுப் பக்கம், எல்லையோர ஊர் ஒன்றில் மளிகைக் கடை வைத்திருக்கிறேன். சாலை வேலை பற்றி வரி கட்டுகிற எங்களுக்குத் தகவல் வரும் லட்சணத்துக்குத்தான் இந்த மதிப்பெண்.

கேரளப் பொதுப்பணித் துறை 2021-இல் சாலையோரம் வைக்கத் தொடங்கிய பராமரிப்புக் காலப் பலகை அருமையான ஏற்பாடு. ஒப்பந்ததாரர், பொறியாளர் இருவரின் தொலைபேசி எண்ணும் அதில் இருக்கும். எந்தத் தேதி வரை பொறுப்பு என்பதும் இருக்கும். அதற்குள் குழி விழுந்தால் ஒப்பந்ததாரர் தன் செலவில் அடைத்துத் தர வேண்டும். எங்கள் மெயின் ரோட்டுப் பலகை முழுக்க மலையாளம். பொள்ளாச்சியிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த என் மனைவிக்கு அதில் புரிவது எண்கள் மட்டும். அதனால் ஒரு நட்சத்திரம் குறைத்தேன்.

கடைச் சந்து வேறு கதை. தோண்டிப் போட்டு இரண்டு மாதம், பலகையே கிடையாது. உள்ளாட்சி அலுவலகத்தில் கேட்டால் "அடுத்த ஆழ்ச்ச, சேட்டா" (அடுத்த வாரம், அண்ணா) என்றார்கள். எத்தனை ஆழ்ச்ச! அப்புறம் பத்து ரூபாய் கட்டணத்தோடு தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டேன். முப்பது நாள் கெடு. இருபத்தாறாம் நாள் பதில் வந்தது. குடிநீர்க் குழாய் வேலை முடியவில்லையாம், அதனால் தார் போடவில்லையாம். இதைச் சாக்பீஸால் என் கடைச் சுவரில் எழுதிவிட்டுப் போயிருக்கலாம், நானே சுவர் தந்திருப்பேன்.